குல்சும் மூழ்கடித்த படகு

"மேடம், உங்க சந்துக்குள்ள லாரி நுழையுமா?"

தொலைபேசியில் அந்தக் குரல் கேட்டபோது குல்சும் ஒரு சோபா உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தி. நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் அவளுடைய தையல் கடை. ஜன்னல் திரை, மெத்தை உறை, கார் சீட்டு உறை, இதெல்லாம்தான் அங்கே தொழில். யாரோ துணிக் கட்டு அனுப்புகிறார்கள் என்று நினைத்து, "லாரி எதுக்குங்க? ஆட்டோவுல போட்டு அனுப்புங்க, போதும்" என்றாள்.

"படகை எப்படி மேடம் ஆட்டோவுல போடறது?"

குல்சும் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். "எந்தப் படகு?"

மறுமுனையில் அந்தக் குரல் சன்னமாகக் கேட்டது: "பாய் சொல்லலீங்களா?"

பாய் சொல்லவில்லை. அவள் புருஷன் பீர் முஹம்மது சொல்லாமல் செய்த காரியங்கள் முன்பும் உண்டு. சொல்லாமல் மொட்டைமாடியில் புறா வளர்த்தார். சொல்லாமல் இந்தி வகுப்பில் சேர்ந்து, சொல்லாமலே நின்றும் விட்டார். ஆனால் புறா பறந்து போய்விடும், இந்தி மறந்து போய்விடும். படகு அப்படி இல்லையே!

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது அவர்கள் வீடு. அன்று சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே பீர் முஹம்மது சமையலறையில் நின்று, யாரும் கேட்காமல் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

"எதுக்குங்க படகு?" என்றாள்.

"குல்சு, நாம மரக்காயர் வம்சம். மரக்கலம் ஓட்டினவங்க. எங்க பாட்டனாரோட பாட்டனார் கீழக்கரையில இருந்து இலங்கைக்குச் சொந்தக் கப்பல்ல..."

"நானும் மரக்காயர் வீட்டுப் பொண்ணுதான். எங்க வாப்பா குடை ரிப்பேர் பண்ணிக்கிட்டிருந்தாரு."

பீர் முஹம்மது பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்கு அனுமதி வாங்கித் தரும் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிபத்திலிருந்து தலை நரைக்கும்வரை கப்பல்களின் பெயர்களைத் தட்டச்சு செய்தார். எந்தக் கப்பல் எந்தக் கொடி, எத்தனை டன், எந்தத் துறைமுகம், எல்லாம் விரல் நுனியில். ஆனால் ஒரு கப்பலிலும் அவர் கால் வைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு மெரினாவில் காலை நடை போகும்போது, தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பெருமூச்சோடு நிற்கும் என்றுதான் குல்சும் நம்பியிருந்தாள்.

படகை விற்றவர் பொன்ராஜ் என்பவர். கோடம்பாக்கத்தில் சினிமாப் படப்பிடிப்புக்குப் பழைய கார், பல்லக்கு, பீரங்கி என்று வாடகைக்கு விடுகிறவர். கடலூர்ப் பக்கம் எந்தக் காலத்திலோ ஆள் ஏற்றிப் போன மரப்படகு அது. ஒரு சண்டைக் காட்சிக்காக வாங்கி வந்திருக்கிறார்கள். காட்சி முடிந்தது, படகு பொன்ராஜின் மதில் சுவரை ஒட்டி வெயிலில் நின்றது. பீர் முஹம்மது அதைப் பார்த்தது, காதலித்தது எல்லாம் அங்கேதான்.

சந்துக்குள் லாரி நுழையவில்லை. நேரே பட்டினப்பாக்கத்துக்குக் கொண்டுபோய், அடையாறு கடலில் சேரும் கழிமுகத்தின் ஓரம் மணலில் இறக்கினார்கள். சண்டை போடுவதற்காகவே குல்சும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். கிரேன் படகைத் தூக்கி மெல்லத் திருப்பியது. ஒரு பக்கம் பளபளவென்று நீலச் சாயம். அதன் மேல் வெள்ளையில், முழ உயர எழுத்தில், 'துறைமுகப் போலீஸ்'. மறுபக்கம் திரும்பியதும் கூட்டம் "அய்யய்யோ" என்றது. அந்தப் பக்கம் சாயமே இல்லை. பலகைகள் வெடித்து, ஓரிடத்தில் ஒட்டுப்பலகையை வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். கேமராவுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் செப்பனிட்டிருக்கிறார்கள். தெரியாத பக்கம் எப்படியோ போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

"சுவத்துப் பக்கம் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் குல்சும்.

"சுவத்தை ஒட்டி நின்னுது குல்சு. எப்படிப் போறது?"

அருகில் வலை பிரித்துக்கொண்டிருந்த முருகன் எழுந்து வந்தார். பட்டினப்பாக்கத்துக்காரர், சொந்தமாக ஃபைபர் படகு வைத்து மீன் பிடிக்கிறவர். படகை ஒரு சுற்றுச் சுற்றி, ஒட்டுப்பலகையை விரலால் தட்டினார். விரல் உள்ளே போய்விட்டது.

"இன்னா பாய் இது, கருவாட்டுப் பெட்டி மாதிரி கீது?" என்றார்.

அன்று தொடங்கியது குல்சுமின் தலைவலி.

பட்டினப்பாக்கத்தில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் தார் பூசு என்றார். இன்னொருவர் தார் பூசினால் மரம் செத்துவிடும் என்றார். முருகன் எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டு ஃபைபர் ஒட்டச் சொன்னார். மரப்படகைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் அது அவர் சொல்வதைத் தடுக்கவில்லை. பீர் முஹம்மது எல்லோருடைய யோசனையையும் மரியாதையோடு கேட்டு, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தார். படகு பல நிறத்தில், பல நாற்றத்தில் நின்றது.

இதற்கிடையில் இரண்டு போலீஸ்காரர்கள் ஜீப்பில் வந்து, இது எந்தத் துறைமுகப் போலீஸ், யார் அனுமதி கொடுத்தார்கள் என்று விசாரித்தார்கள். பீர் முஹம்மது நடுங்கிப்போய் அன்றே எழுத்தின் மேல் நீலச் சாயம் அடித்தார். காய்ந்ததும் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. மறுபடி அடித்தார். மறுபடி தெரிந்தது. அதற்குள் குப்பம் முழுக்க அதன் பெயர் 'போலீஸ் போட்டு' என்று ஆகிவிட்டது.

அழுகிய பலகைகளை மாற்றக் காசிமேட்டிலிருந்து ஒரு தச்சர் வந்தார். பலகை மாற்றினார். பலகைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, மேலே மக்குப் பசை பூச வேண்டும். கலப்பத்து என்று அதற்குப் பெயர். அதைத் தொடங்கிப் பாதி முடித்தவர், மச்சினிச்சி கல்யாணம் என்று போனார். போனவர் போனவர்தான். மீதியைத் தானே செய்வதாகப் பீர் முஹம்மது உட்கார்ந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்தவருக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போகலாம் என்று குல்சும் அங்கே வந்தாள். அவர் அடித்திருந்த திரி, குழந்தை போட்ட பின்னல் மாதிரி இங்கே புடைத்தும் அங்கே பிய்ந்தும் தொங்கியது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடையில் எத்தனையோ பெண்களுக்கு மெத்தை ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள். திரி ஒரே கனத்தில் போக வேண்டும், முறுக்குத் தளரக் கூடாது, மூலை வந்தால் மடிக்க வேண்டும். இந்த மனுஷனுக்கு இது தெரியவில்லையே!

"நகருங்க" என்றாள்.

"நீ எதுக்கு குல்சு, உனக்கு..."

"நகருங்கன்னு சொல்றேன். பாக்கவே கண்ணு கூசுது."

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. படகின் மேல் அவளுக்கு ஆசை வந்துவிடவில்லை. அரைகுறை வேலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது அவளால் ஆகாத காரியம். அது அவள் சுபாவம், அவள் சாபம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள்.

ஒரு வழியாகப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். தள்ளிய கையோடு சல்லடை மாதிரி எல்லா இடுக்கிலும் தண்ணீர் பீறிட்டு வந்தது. குல்சுமுக்கு அழுகையே வந்துவிட்டது. காய்ந்த மரம் தண்ணீர் குடித்து ஊதினால்தான் இடுக்கு மூடும், அதுவரை இறைக்க வேண்டியதுதான் என்றார்கள். பீர் முஹம்மது வாளியால் இறைத்தார். காலையில் இறைத்தார், மாலையில் இறைத்தார். மகள் ருக்சார் பெங்களூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டபோதும் இறைத்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, வாப்பா என்ன செய்றாங்க?"

"கடலை மொண்டு கடல்ல ஊத்திக்கிட்டிருக்காங்க. வேற என்ன?"

அடுத்தது இன்ஜின். வயலில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினைப் போல ஒற்றை சிலிண்டர். கைப்பிடியைச் சொருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஈக்காட்டுத்தாங்கலில் ஜெனரேட்டர் பழுது பார்க்கும் சாய்நாத் என்பவர் அதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருந்தார். எப்போது கூப்பிட்டாலும் "வந்துக்கினே இருக்கேன் மேடம், கிண்டி தாண்டிட்டேன்" என்பார். கிண்டிக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில் அந்த மனிதர் எங்கேதான் கரைந்து போனாரோ! கடைசியில் குல்சுமே இன்ஜினின் தண்ணீர் பம்பைக் கழற்றி, பழைய திரைத்துணியில் சுற்றி, ஆட்டோவில் வைத்துக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போனாள். சாய்நாத் பட்டறை வாசலில் நின்று பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம்! இப்பதான் கிளம்பலாம்னு..."

"கிளம்ப வேணாம். நீங்க இதைப் பிரிங்க. நான் இங்கேயே உக்காந்து பாக்கறேன்."

அவர் பிரிக்கப் பிரிக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இது எதற்கு, இது தேய்ந்தால் என்ன ஆகும், இந்த வளையம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேள்வி மேல் கேள்வி. இன்னொரு தடவை இந்த ஆளைக் கூப்பிடும் நிலை வரக் கூடாது என்ற ஒரே வைராக்கியம்தான். தையல் மெஷினை இருபது வருஷமாகத் தானே பிரித்து மாட்டுகிறவளுக்கு இது பெரியதே தவிர, புதிதல்ல.

முதல் ஓட்டத்துக்குப் பீர் முஹம்மது வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கியிருந்தார். தொழுகைத் தொப்பி அல்ல, முன்னால் தங்க நங்கூரம் தைத்த கப்பல்காரர் தொப்பி. அவர் சுக்கானைப் பிடித்துக்கொள்ள, கூட வந்த முருகன் வழி சொன்னார். குல்சும் இன்ஜின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். வேறு யாரும் அதைத் தொட அவள் விடுவதாக இல்லை. கழிமுகத்தில் படகு நன்றாகவே போனது. பீர் முஹம்மதுவின் முகத்தில் ஏழு தலைமுறையின் பெருமை. முகத்துவாரம் தாண்டி முதல் அலை படகை ஏந்தி இறக்கியது. இரண்டாவது அலை இன்னும் கொஞ்சம் உயரமாக ஏந்தியது. மூன்றாவது அலையில் மரக்காயர் சுக்கானை விட்டுவிட்டு விளிம்பில் குனிந்தார். தங்க நங்கூரத் தொப்பி தண்ணீரில் விழுந்து மிதந்து போனது.

"பாய்க்கு ஒத்துக்கல" என்றார் முருகன், அது யாருக்கும் தெரியாததுபோல.

"சுக்கானைப் பிடிங்க அண்ணே!" என்று குல்சும் கத்தினாள்.

"நமக்குப் பழக்கம் கிடையாதும்மா. நம்மது பின்னாடி மாட்டற அவுட்போர்டு மோட்டாரு."

வேறு வழியில்லாமல் குல்சும் எழுந்து போய்ப் பிடித்தாள். பிடித்த கொஞ்ச நேரத்தில் இன்ஜினிலிருந்து ஆவி கிளம்பியது. குளிரவைக்கும் தண்ணீரை உறிஞ்சும் குழாயில் ஆற்றில் மிதந்த பிளாஸ்டிக் பை ஒன்று போய் அடைத்திருந்தது. இன்ஜினை நிறுத்தி, பையைப் பிடுங்கி எறிந்து, சூடு ஆறக் காத்திருந்து, மறுபடி கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பி, அலையைப் பார்த்துத் திருப்பி, கரைக்கு வருவதற்குள் அவள் தன் வாழ்நாளில் திட்டாத வசவையெல்லாம் திட்டித் தீர்த்தாள். படகைத் திட்டினாள், ஆற்றைத் திட்டினாள், பையை வீசியவனைத் திட்டினாள், கீழக்கரைப் பாட்டனாரையும் விடவில்லை. பீர் முஹம்மது பலகையில் படுத்தபடியே, "சரி குல்சு, சரி குல்சு" என்றார்.

அடுத்த வாரம் அவள் கெட்டியான ஜன்னல் வலைத் துணியில் ஒரு பை தைத்து, அந்தக் குழாய் வாயில் கட்டிவிட்டாள். பிறகு பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகவில்லை. ஆனால் கடலுக்குப் போன நாளெல்லாம் இப்படியேதான்: கணவருக்கு வாந்தி, மனைவிக்கு சுக்கான். இஞ்சி, எலுமிச்சை, மாத்திரை எதுவும் கேட்கவில்லை. அவர் கரையேறியதும் தெளிந்துவிடுவார். "அடுத்த தடவை சரியாயிடும், இன்ஷா அல்லா" என்பார். அந்த நம்பிக்கையைப் பார்த்தால் குல்சுமுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆட்களை ஏற்றிக் காட்டினாலாவது செலவுக்கு ஆகும் என்று அனுமதி கேட்டுப் போனார்கள். ஒரு அலுவலகத்தில் இது மீன்பிடிப் படகு இல்லை என்றார்கள். அடுத்ததில் இது கப்பல் இல்லை என்றார்கள். மூன்றாவதில், சுற்றுலாப் படகுக்கு உண்டான எதுவும் இதில் இல்லை என்றார்கள். "அப்ப இது என்னதான் சார்?" என்று குல்சும் கேட்டாள். அந்த அதிகாரி யோசித்துவிட்டு, "அதை நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அன்றிரவு அவள் யாருக்கும் தெரியாமல் இணையத்தில் விளம்பரம் கொடுத்தாள். மரப்படகு, நல்ல நிலையில், உடனே விற்பனைக்கு.

வந்தவன் ஸ்ரீகிருஷ்ணா என்ற இளைஞன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காபிக் கடை திறக்கப்போகிறவன், நல்ல பையன்தான். பீர் முஹம்மது டீசல் வாங்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவனை வரச் சொல்லியிருந்தாள். படகைத் தடவித் தடவிப் பார்த்தான். "சூப்பர் ஆன்ட்டி, ஒரிஜினல் மரம். நீளவாக்குல அறுத்துடுவோம். ஒரு பாதி பில் கவுண்டர். இன்னொரு பாதியைச் சுவத்துல பதிச்சுடலாம்."

"அறுத்தா தண்ணியில போகாதே தம்பி?"

"தண்ணியில எதுக்கு ஆன்ட்டி போகணும்?"

இதே கேள்வியைத்தான் அவள் மாதக்கணக்கில் புருஷனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருவன் வாயிலிருந்து வந்தபோது அது அசட்டுத்தனமாகக் கேட்டது. அவன் கை வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். நான்காவது இடுக்கு. அந்த இடுக்கில் திரி நிற்காமல் அவள் மூன்று தடவை பிரித்து அடித்திருந்தாள். உள்ளங்கையில் காய்ப்பு வந்ததே அந்த இடத்தில்தான்.

"இது விக்கறதுக்கு இல்ல" என்றாள்.

"ஆன்ட்டி, நீங்கதானே விளம்பரம்..."

"போட்டேன். இப்ப எடுத்துட்டேன். வெயில் ஏறுது, நீ கிளம்பு தம்பி."

அவன் போன பிறகு தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. விட்டுத் தொலைந்திருக்கலாம். நிம்மதியாக ஞாயிற்றுக்கிழமை பகலில் தூங்கியிருக்கலாம். இந்த மனுஷனுக்குத்தான் ஒரு பைத்தியம் என்றால், தனக்கு என்ன வந்தது? யோசித்துப் பார்த்தால், கடை, வீடு, மகள் படிப்பு என்று ஓடிய இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒரு பைத்தியம் வைத்துக்கொள்ள அவளுக்கு நேரமே இருந்ததில்லை. அந்த எண்ணம் வந்ததும் இன்னும் எரிச்சலாக இருந்தது. டீசல் கேனோடு வந்த பீர் முஹம்மதுவிடம், "இவ்வளவு நேரமா?" என்று எரிந்து விழுந்தாள்.

கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தது. குப்பத்தில் டிராக்டர் வைத்து ஃபைபர் படகுகளைச் சாலைவரை இழுத்து ஏற்றினார்கள். போலீஸ் போட்டுக்குக் கயிற்றைக் கட்டி இழுத்தபோது டிராக்டர்தான் மணலில் புதைந்தது.

"கனம் ஜாஸ்திம்மா. வரிசையில நம்ம போட்டெல்லாம் நிக்குது. மனசுல வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு முருகன் ஓடினார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பீர் முஹம்மது இன்னும் நாலு கயிறு கட்டலாம் என்றார். கட்டினால் கயிறு நிற்கும், அலை அடிக்கிற அடியில் படகு பிளந்துவிடும் என்று குல்சுமுக்குத் தோன்றியது. காற்றில் ஆடும் திரைதான் கிழியும், நனைத்துக் கீழே போட்ட திரை கிழியாது. பக்கத்தில் ஆற்றோட்டம் வராமல் ஒதுங்கிய ஒரு சின்ன உப்பங்கழி இருந்தது. அதைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள கொண்டுபோய் மூழ்கடிச்சுடலாம்" என்றாள்.

பீர் முஹம்மதுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கோவத்துல சொல்றியா, நிஜமா சொல்றியா?"

"ரெண்டும்தான். அடியில கிடந்தா அலை அடிக்காது. புயல் போனதும் எடுத்துக்கலாம்."

மூங்கில் கட்டி, நாலு பேர் தோள் கொடுத்து இன்ஜினைத் தூக்கி, குட்டியானை வண்டியில் ஏற்றித் தி. நகர்க் கடைக்கு அனுப்பினார்கள். படகைக் கழிக்குள் தள்ளி நிறுத்தி, அடியிலிருந்த அடைப்பைக் குல்சும் பிடுங்கினாள். தண்ணீர் வந்தது. நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி இருவரும் பார்த்தார்கள். தண்ணீர் விளிம்புவரை நிறைந்தது. படகு மட்டும் கீழே போகவில்லை. நிறைந்த தொட்டி மாதிரி அசைந்து அசைந்து மிதந்தது. இத்தனை மாதம் மூழ்கிவிடுமோ என்று இரவும் பகலும் இறைத்த படகு, மூழ்கு என்றால் மூழ்க மாட்டேன் என்கிறது! மரம் அல்லவா?

"உன்னை என்னதான் செய்யறது?" என்று கத்தி அதன் விளிம்பில் ஓங்கி அடித்தாள். கைதான் வலித்தது.

மழை பிடித்துக்கொண்டது. கடையிலிருந்து வரவழைத்த மெத்தை உறைகளில் மணலை அள்ளி நிரப்பினார்கள். அவள் வாயைப் பிடிக்க, அவர் அள்ளிப் போட்டார். ஒவ்வொரு மூட்டையாக உள்ளே இறக்கினார்கள். பூப் போட்ட உறை, கோடு போட்ட உறை, ஒரு கல்யாண மண்டபத்துக்காகத் தைத்த சிவப்பு வெல்வெட் உறை. வெல்வெட்டை இறக்கும்போது படகு சட்டென்று ஒரு பெருமூச்சு விட்டதுபோல் குமிழி எழுப்பிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. பீர் முஹம்மது வாய்விட்டு அழுதார். கடலில் அவ்வளவு வாந்தி எடுத்தபோதுகூட அவர் அழுததில்லை. குல்சும் அவர் தலையைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். அதுவும் நனைந்துதான் இருந்தது.

புயல் இரண்டு நாள் ஆட்டியது. மின்சாரம் இல்லை, சந்தில் முழங்கால் தண்ணீர். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், சாலையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகுகளில் பல ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து விரிசல் விட்டிருந்தன. சிலவற்றைக் காற்று கடலுக்கே இழுத்துப் போயிருந்தது. முருகனுடையதைக் காணவில்லை. கழியில் பீர் முஹம்மது மூச்சடக்கி முங்கினார், தடவிப் பார்த்தார், தலையைத் தூக்கி, "இருக்கு குல்சு! இருக்கு!" என்று கூவினார்.

மூட்டைகளை வெளியே எடுத்து, சேற்றை வாரி, அடைப்பைப் போட்டு, தண்ணீரை இறைத்துத் தூக்க அந்த வாரம் முழுக்க ஆனது. உள்ளே ஒரு பலகை நெளிந்திருந்தது, மற்றபடி பழுதில்லை. இன்ஜினைப் பூட்டி, கைப்பிடியை அவள் சுற்றினாள். ஒன்று, இரண்டு, திட்டு, மூன்று. கிளம்பிவிட்டது.

அன்று மதியம் முருகன் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. அவர் படகு கவிழ்ந்தபடி திருவான்மியூருக்கு நேரே மிதப்பதாக யாரோ பார்த்துச் சொன்னார்களாம். "போட்டு குடும்மா, நான் போய் இட்டாந்துடறேன்."

"இதை யார் கையிலயும் குடுக்க மாட்டேன். ஏறுங்க, நான் வரேன்" என்றாள் குல்சும். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க கரையில இருங்க" என்றாள்.

பீர் முஹம்மது கேட்கவில்லை. ஏறி, ஒரு வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வழியெல்லாம் முருகன் இடம் போ, வலம் போ என்று மாற்றி மாற்றிச் சொன்னார். அவர் காட்டிய பக்கம் ஒன்றும் இல்லை. வெகுநேரம் கழித்துத் தெற்கே, தண்ணீரில் பச்சையாக ஒரு முதுகு தெரிந்தது. முருகன் குதித்து நீந்திப் போய்க் கயிறு கட்டினார். கயிற்றின் இந்த முனையைப் படகின் பின்பக்கக் கட்டையில் சுற்றிப் பிடித்தது பீர் முஹம்மது. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் வாளி. இடையிடையே வாளியில் குனிந்தார், கயிற்றை மட்டும் விடவில்லை. கனமான மரப்படகு அந்தக் கவிழ்ந்த படகை மெதுவாக, எருமை வண்டி இழுப்பதுபோல இழுத்தது. ஒற்றை சிலிண்டர் டப் டப் என்று ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

"குல்சு, இன்னும் எவ்வளவு தூரம்?"

"வந்தவங்க வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. கயிறு தளருது பாருங்க, இழுத்துப் பிடிங்க."

அவர் இழுத்துப் பிடித்தார். முகத்துவாரத்தில் அலை உயர்ந்து எழுந்தபோது அவள் இன்ஜினைக் கொஞ்சம் அடக்கி, படகு அலையின் முதுகில் ஏறட்டும் என்று காத்திருந்து, உள்ளே விட்டாள். கரையில் இருந்தவர்கள் ஓடிவந்து முருகனின் படகைப் பிடித்து இழுத்தார்கள். போலீஸ் போட்டின் கயிற்றை வாங்கிக் கட்ட ஒருவரும் வரவில்லை. குல்சுமே தண்ணீரில் இறங்கி, கால் சேற்றில் புதைய நடந்து, கம்பத்தில் கட்டிவிட்டு வந்து, "ஒரு ஆள் கை குடுக்கலாம்னு தோணுச்சா பாரு உங்க ஊர்ல!" என்று முருகனைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

முருகன் கையெடுத்துக் கும்பிட்டார். பீர் முஹம்மது மணலில் மல்லாந்து படுத்திருந்தார். கொஞ்சம் தெளிந்ததும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவளம்வரை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். குல்சும் வலைப்பையைக் கழற்றி, அதில் சிக்கியிருந்த குப்பையை உதறிக்கொண்டிருந்தாள்.